'லோயர்' என்னும் ஆங்கிலச் சொல்லும் 'கீழ்' என்னும் தமிழ்ச் சொல்லும்: முத்துப்பேட்டைக் கடைமடையை முன்வைத்து

முன்னுரை

இடம் சுட்டும் சொற்கள் நிலத்தின் அமைப்போடு பிணைந்தவை. 'லோயர்' என்னும் ஆங்கிலச் சொல் உயரத்தில் தாழ்ந்ததையும், ஆற்றோட்டத்தில் கடலை நோக்கிய பகுதியையும், தரத்தில் குறைந்ததையும் குறிக்கும், கிழக்குத் திசையைக் குறிப்பதில்லை. அதற்கு நேராகத் தமிழில் வழங்கும் 'கீழ்' என்பதோ இவற்றோடு கிழக்கையும் குறிக்கும். காவிரிப் படுகை குறித்த மொழிபெயர்ப்புகளில் இவ்வேறுபாட்டால் நேரும் பொருள்மயக்கத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

கீழும் கிழக்கும்

மேற்கே மலையும் கிழக்கே கடலுமாக அமைந்த சரிவே 'மேல்' மேற்காகவும் 'கீழ்' கிழக்காகவும் ஆனதற்குக் காரணம் என்பது 1856-இல் முதற்பதிப்புக் கண்ட தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் தந்த விளக்கம். மலை கிழக்கே நிற்கும் கேரளத்திலும் 'கிழக்கு' என்னும் சொல்லே வழங்குவதை அவர் சான்றாகக் காட்டுவார். தஞ்சாவூர்க் 'கீழ வீதி'யில் உள்ள அடை ஆங்கிலத்தில் 'ஈஸ்ட்' ஆகிறது. கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் உள்ள 'கீழணை'யில் அதுவே 'லோயர்' ஆகிறது. முக்கொம்பு மேலணைக்குக் கீழணை கிழக்கிலும் நீரோட்டத்தின் கீழ்ப்புறத்திலும் இருத்தலின் ஈண்டு மயக்கம் எழுவதில்லை.

முத்துப்பேட்டையில் நேரும் மயக்கம்

நீடாமங்கலம் அருகே வெண்ணாற்றிலிருந்து பிரியும் கோரையாறும் பாமணியாறும் தெற்கு நோக்கி ஓடி, அலையாத்திக் காடுகள் சூழ்ந்த முத்துப்பேட்டைக் காயலை அடைகின்றன. இங்கு நீரின் போக்குத் தெற்காதலின், 'கோரையாற்றின் கீழ்ப்பகுதி' என்னும் மொழிபெயர்ப்பு ஆற்றின் கிழக்கே உள்ள நிலத்தையும் குறிக்கக்கூடும். 'கீழ்க்கரை' என்பது கிழக்குக் கரையே ஆகும்.

உழவர் வழக்கில் இதற்குரிய சொல் 'கடைமடை'; எதிர்ச்சொல் 'தலைமடை'. இவை திசையையோ உயரத்தையோ அன்றி, நீர் வந்துசேரும் வரிசையைச் சுட்டுகின்றன. மேட்டூர் அணை சூன் 12-இல் திறக்கப்படுவது வழக்கமெனினும், அந்நீர் கடைமடையை இறுதியிலேயே எட்டும். விதைப்பும் நடவும் அதற்கேற்பத் தாழ்கின்றன; நீர் குறைந்த ஆண்டில் முதலில் வாடுவதும் கடைமடைப் பயிரே. 'கீழ்ப்பகுதி' என்று எழுதுங்கால் இடம் மயங்குவதோடு, நீர்ப்பங்கீட்டில் அந்நிலத்தின் நிலையும் மறைந்துவிடுகிறது.

முடிவுரை

ஆகவே, 'லோயர்' என்பது உயரத்தைக் குறிக்குமிடத்துத் 'தாழ்நிலம்' எனவும், பாசன வரிசையைக் குறிக்குமிடத்துக் 'கடைமடை' எனவும், ஆற்றின் இறுதியைக் குறிக்குமிடத்துக் 'கழிமுகப் பகுதி' எனவும் பெயர்த்தல் தகும். 'கீழணை' போல் நிலைபெற்ற பெயர்களை மாற்றவேண்டுவதில்லை. ஏனைய இடங்களில், ஆறு எத்திசை நோக்கி ஓடுகிறது என்பதை அறிந்த பின்னரே 'கீழ்' என்னும் சொல்லைக் கையாளுதல் வேண்டும்.