கை நடுங்கும் மனிதரை எங்கே கொண்டுபோவது?

தெருவில் படுத்து நெடுங்காலம் குடித்த ஒருவர் "இன்றோடு விட்டேன்" என்றால் நாம் மகிழ்ந்துபோகிறோம். பயப்பட வேண்டிய நேரம் அதுதான். தினமும் சாராயமோ கசிப்போ குடித்துப் பழகிய உடம்பு, கடைசியாகக் குடித்த சில மணித்தியாலங்களிலேயே நடுங்கத் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். பிறகு நான்காம் நாளுக்குள் காய்ச்சல், பிதற்றல், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது தொடங்கலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகும். வீட்டிலிருப்பவர் பிதற்றினால் யாராவது பதறுவார்கள். திருகோணமலை பஸ் நிலையத்தில் படுத்திருப்பவர் பிதற்றினால், வெறி முறியவில்லை என்று விலகிப் போய்விடுவோம்.

கோயிலில் சத்தியம் வாங்குவது, அறையில் பூட்டுவது, சாப்பாட்டில் களவாக மருந்து கலப்பது எல்லாமே ஆபத்து. முதலில் வைத்தியசாலை. 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் இலவசம். இலங்கைத்துறை முகத்துவாரம் போன்ற தூரத்துக் கரையூர்க்காரரும் அழைக்கலாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. கடைசியாக எப்போது, என்ன குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். பல நாள் சாப்பிடாதவர் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்: அப்படிப்பட்டவருக்கு விற்றமின் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். கசிப்புக் குடித்தபின் கண் மங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

அவரைப் பொலிஸார் கைது செய்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான்முன் நிறுத்த வேண்டும். நடுக்கம் தொடங்குவதும் அந்த நேரத்துக்குள்தான். உடனே வைத்தியரிடம் காட்டும்படி கேளுங்கள். மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அடிப்படை உரிமை வழக்கென்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும்.

உடம்பு தேறியபின்தான் ஊரின் வேலை. தமிழ்நாட்டின் மஞ்சக்குடியில், சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டிடிகே மருத்துவமனைக் குழு 1989 முதல் கிராமத்துக்கே சென்று குடிநிறுத்த முகாம் நடத்தியது. குடித்தவரோடு குடும்பமும் ஊரும் சேர்ந்தன. வீடில்லாதவருக்கு அந்தக் குடும்பமும் நாம்தான். படுக்க ஓர் இடம், கூலியோடு போத்தல் நீட்டாத முதலாளி, அடையாள அட்டைக்குக் கிராம உத்தியோகத்தரிடம் கூடவே வரும் ஒருவர்: புத்திமதியைவிட இவைதான் உதவும். ஆலோசனைக்கு 1927, மனம் உடைந்தால் 1926 என்ற இலக்கத்தை அழையுங்கள்.

மறுபடி குடித்துவிட்டாரா? திட்டாமல் திரும்பவும் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். விட்டு விட்டுக் குடிப்பவருக்கு அடுத்த தடவை வரும் வலிப்பு முந்தியதைவிடக் கடுமையாக இருக்கக்கூடும்.