உங்களுக்குத் தெரியுமா? கீழே தள்ளும் மாத்திரைகள்

வயசானவர் வழுக்கி விழுந்தால் பாத்ரூம் தரையைத்தான் திட்டுகிறோம். மாத்திரை டப்பாவை யாரும் விசாரிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் வரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

★ படுத்திருந்தவர் எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் பிரஷரின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் கிறுகிறுப்பு வரலாம். உட்கார வைத்து மட்டும் பார்த்தால் இது சிக்காது. படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பார்க்க வேண்டும். பிரஷர் மாத்திரை மட்டுமல்ல, ப்ராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசினும் பிராசோசினும் இதைச் செய்யும். நீர் மாத்திரையைச் சாயங்காலம் போட்டால் ராத்திரி முழுக்க பாத்ரூம் நடைதான். காலையிலேயே போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

★ 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது ‘மக்களைத் தேடி மருத்துவம்’. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அருமையான திட்டம். சிக்கல் வேறு இடத்தில். அவிநாசியில் ஓர் அப்புச்சிக்கு அரசு அட்டையில் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முட்டிவலிக்கு அவர் காட்டிய தனியார் டாக்டர் பிரஷரையும் பார்த்து, வேறு கம்பெனிப் பெயரில் அதே அம்லோடிபினை எழுதுகிறார். அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு. உள்ளே இருப்பது ஒன்றே. மகனும் மருமகளும் பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போன பிறகு அவர் இரண்டையும் போட்டுக்கொள்வார். விழுந்தால் தூக்கிவிடவும் ஆள் இருக்காது. அதனால் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும், சித்த மருந்து, தூக்க மாத்திரை உட்பட, ஒரே மஞ்சப்பையில் போட்டு மேசைமேல் கொட்டுங்கள். “இத்தனையும் வேணுமுங்களா டாக்டர்?” என்ற கேள்வி மரியாதைக் குறைவு இல்லை.

★ டையசிபாம் தூக்க மாத்திரையில் பாதி உடம்பைவிட்டு வெளியேற 20 வயதில் சுமார் 20 மணி நேரம் ஆகும். 80 வயதில் கிட்டத்தட்ட 90 மணி நேரம்! நேற்று ராத்திரி போட்டது கரைவதற்குள் இன்றைக்கு இன்னொன்று சேர்கிறது, கால் தடுமாறுகிறது. அதற்காகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், வலிப்புகூட வரலாம். டாக்டர் சொற்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

★ தலைச்சுற்றலுக்குக் கடையில் வாங்கும் சின்னரிசினை மாதக்கணக்கில் விழுங்கினால், சிலருக்குப் பார்க்கின்சன் நோய் மாதிரியே கைநடுக்கமும் தடுமாற்ற நடையும் வரும். விழாமல் இருக்கப் போட்ட மாத்திரையே விழவைக்கும்.

 

★ புரட்டாசிச் சனிக்கிழமை மொண்டிபாளையம் பெருமாளுக்கு விரதம் இருக்கும் அம்மிச்சிகள் கவனிக்க: கிளிபென்கிளமைடு சர்க்கரை மாத்திரையின் வேலை ஒருநாள் வரை நீளும். சாப்பிடாவிட்டாலும் அது சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும், மயங்கி விழலாம். விரதத்துக்கு முந்தின வாரமே அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே அட்டெனலால் என்ற பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு, சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பு, நடுக்கம் தெரியாமலே போகலாம். வியர்வை மட்டும் கொட்டும். அப்போது உடனே உட்கார வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்.