பாடினால் வரும் ஆங்கிலம்!
பொங்கல் பானையும் எருது விடும் விழாவும் பாடம் ஆகின்றன

வீட்டில் ஓயாமல் பேசும் பிள்ளை. தெருவில் அதன் குரல்தான் பெரிய குரல். அதே பிள்ளை, வகுப்பில் ஆங்கிலப் பாடம் தொடங்கியதும் ஊமையாகிவிடுகிறது.

ஏன்? பிள்ளைக்கு அறிவு இல்லையா?

அப்படி இல்லை. ஆங்கிலம் பேசும் ஆள் அதன் வீட்டில் இல்லை. தெருவிலும் இல்லை. காதில் விழாத மொழி வாயில் எப்படி வரும்?

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது, கணியம்பாடி. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பரவியிருக்கும் தோல் தொழில் வட்டாரத்தைச் சேர்ந்த பகுதி இது. இந்த வட்டாரத்தில் பதப்படுத்தும் தோலும், தைக்கும் காலணிகளும் கடல் கடந்து போகின்றன. பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் இருப்பது ஆங்கிலம். பெட்டியைக் கட்டும் தொழிலாளர்களில் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. "நம் பிள்ளையாவது படிக்கட்டும்" என்பது அவர்களுடைய ஆசை.

பிள்ளைகளின் வீட்டு மொழியும் ஒன்று அல்ல. ஒரு வீட்டில் தமிழ். இன்னொரு வீட்டில் உருது. மற்றொரு வீட்டில் தெலுங்கு. இப்படிப்பட்ட வகுப்பில் ஆங்கிலத்தை எங்கிருந்து தொடங்குவது?

பாட்டிலிருந்து தொடங்கலாம். பண்டிகையிலிருந்து தொடங்கலாம்.

பாட்டு என்ன செய்யும்?

பாட்டு முதலில் பயத்தைப் போக்கும். தனியாக எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் பிள்ளை நடுங்கும். முப்பது பேரோடு சேர்ந்து பாடும்போது நடுக்கம் இல்லை. தவறு செய்தாலும் யாருக்கும் தெரியாது. அடுத்த முறை தானே திருத்திக்கொள்ளும்.

இரண்டாவது, பாட்டு நினைவில் நிற்கும். ஆங்கில எழுத்துக்களை உலகமெங்கும் குழந்தைகள் ஒரே மெட்டில் பாடுகிறார்கள். அது பிரான்சு நாட்டுப் பழைய மெட்டு. எழுத்துக்களை அந்த மெட்டில் அமைத்த பாட்டு, அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1835ல் அச்சாகியது. ஏறக்குறைய இருநூறு ஆண்டு ஆகியும் அதை வெல்ல வேறு வழி வரவில்லை.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 60 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். எல்லோரும் வயது வந்தவர்கள், குழந்தைகள் அல்ல. அவர்கள் அறியாத ஹங்கேரி மொழியைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் வாக்கியங்களைப் பேசிப் பழகியது. இன்னொரு கூட்டம் தாளத்தோடு சொல்லிப் பழகியது. மூன்றாவது கூட்டம் பாடிப் பழகியது. நேரம் எல்லோருக்கும் 15 நிமிடந்தான். பிறகு சோதித்தபோது, அந்த மொழியில் வாய் திறந்து சொல்வதில் பாடியவர்களே முந்தினார்கள். 2013ல் இந்த முடிவு வெளியாயிற்று.

"இஸ்கூல்" திருந்துகிறது

மூன்றாவது நன்மை, உச்சரிப்பு.

தமிழ்ப் பேச்சில் சொல்லின் முதலில் "ஸ்" தனியாக வராது. அதனால் "ஸ்கூல்" என்பதைப் பிள்ளை "இஸ்கூல்" என்கிறது. வல்லெழுத்தில் சொல் முடிவதும் தமிழ் வழக்கம் அல்ல. அதனால் "புக்" என்பது "புக்கு" ஆகிறது. "பேக்" என்பது "பேக்கு" ஆகிறது. இது பிள்ளையின் குற்றம் அல்ல. தாய்மொழியின் பழக்கம்.

ஆசிரியர் பத்து முறை அதட்டினாலும் இது போகாது. பாட்டில் போகும். எப்படி? தாளம் இடம் கொடுப்பதில்லை! "இ" என்று ஓர் எழுத்தைக் கூட்டினால் தாளம் இடிக்கும். பிள்ளையின் காது அதைக் கண்டுபிடிக்கும். யாரும் திட்டாமலே நாக்கு திருந்தும்.

பனியைக் கண்டது யார்?

ஆனால் ஒன்று. பாட்டின் பொருள் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

மேல்நாட்டு ஆங்கிலப் புத்தகங்களில் கிறிஸ்துமஸ் என்றால் பனி கொட்டும். பனியில் சறுக்கு வண்டி ஓடும். வேலூருக்கு வெயிலூர் என்றே வேடிக்கைப் பெயர் உண்டு. இங்கே வளரும் பிள்ளை பனிக்கட்டியை எங்கே கண்டது? பார்க்காத பொருளின் பெயரை அது வாயால் சொல்லும், மனதால் சொல்லாது.

பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். பானை, அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள். ஒவ்வொன்றும் பிள்ளை தொட்ட பொருள், தின்ற பொருள். வகுப்பில் ஒரு காகிதப் பானை செய்யலாம். ஒரு பிள்ளை "ரைஸ்" என்று சொல்லி அரிசி போடும். அடுத்த பிள்ளை "மில்க்" என்று சொல்லிப் பால் ஊற்றுவதுபோல் நடிக்கும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து, "இட் இஸ் பாய்லிங்" என்று கத்தலாம். பால் பொங்கும்போது எழும் மகிழ்ச்சி, அந்த ஆங்கில வாக்கியத்துக்குள்ளும் வந்து சேரும்.

தை மாதத்தில் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் எருது விடும் விழா நடக்கும். காளைகள் ஒவ்வொன்றாக ஓடும். குறைந்த விநாடிகளில் எல்லையைத் தொடும் காளைக்குப் பரிசு. இதைவிட நல்ல ஆங்கிலப் பாடம் உண்டா? விநாடிகளை ஆங்கிலத்தில் எண்ணலாம். "பர்ஸ்ட், செகண்ட், தேர்ட்" என்று வரிசை சொல்லலாம். "பாஸ்ட்", "ஸ்லோ" என்று வேகம் சொல்லலாம். பையன்களும் பெண்களும் விளையாட்டு மைதானத்தில் காளையாக ஓடிக்கொண்டே படிப்பார்கள்.

ரமலான் வந்தால் பிறையும் பேரீச்சம்பழமும் புத்தாடையும் பாடம். கிறிஸ்துமஸ் வந்தால் காகித நட்சத்திரம். மடி, வெட்டு, ஒட்டு என்ற மூன்று கட்டளையும் ஆங்கிலத்தில்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. எந்தப் பிள்ளை வீட்டுப் பண்டிகையோ, அன்று அந்தப் பிள்ளைதான் மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லும். கடைசி வரிசையில் ஒதுங்கியிருந்த பிள்ளைக்கும் ஒரு நாள் முதல் வரிசை கிடைக்கும்.

வேலூரில் விழுந்த விதை

செய்து படிக்கும் முறை இந்த மாவட்டத்துக்குப் புதிது அல்ல.

ஒரு காலத்தில் வட ஆற்காடு பகுதியில், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகச் சிறுவர்கள் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். பலர் கொத்தடிமைகளாகவே இருந்தார்கள். 1990களில் வேலூர்க் கலெக்டராக இருந்த எம்.பி.விஜயகுமார், அப்படிப்பட்ட குழந்தைகளை மீட்டுப் படிக்கவைக்கும் வேலையில் இறங்கினார்.

அங்கே ஒரு சிக்கல். பத்து வயதில் முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைப்பது? ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் படித்தால்தான் முடியும். ஆந்திராவில் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலிப் பள்ளி அதற்கு வழி வைத்திருந்தது. பாட்டு, கதை, விளையாட்டு, அட்டைகள் எல்லாம் ஏணிப்படிபோல் அடுக்கிய முறை அது.

விஜயகுமார் பிறகு சென்னை மாநகராட்சி கமிஷனர் ஆனார். 2003ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இந்த முறை தொடங்கியது. 2007ல் தமிழ்நாடு முழுவதும் பரவியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆசிரியரும் அவர்களோடு தரையில் உட்கார்ந்தார்.

எண்ணும் எழுத்தும்

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தன. பல பிள்ளைகள் படித்ததை மறந்தார்கள். அதைச் சரிக்கட்ட, 2022 ஜூன் மாதம் தமிழக அரசு "எண்ணும் எழுத்தும்" திட்டத்தைத் தொடங்கியது. எட்டு வயதுக்குள் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் அடிப்படை வரவேண்டும் என்பது குறிக்கோள். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலைப்படி பிரித்தார்கள். பாட்டும் கதையும் பொம்மையும் வகுப்பறைக்கு வந்தன. மாநிலமெங்கும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கான திட்டம் என்பதால், கணியம்பாடி ஒன்றியத்துப் பள்ளிகளுக்கும் இது உரியது.

கிளிப்பிள்ளை ஆகக்கூடாது

பாட்டு மட்டும் போதுமா? போதாது.

பத்துப் பாட்டைத் தலைகீழாகப் பாடும் பிள்ளை, "உன் பெயர் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் விழிப்பது உண்டு. அது கிளிப்பிள்ளைப் படிப்பு. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் "பெங்களூர் திட்டம்" என்ற சோதனை நடந்தது. நடத்தியவர் என்.எஸ்.பிரபு. பிள்ளைகளுக்கு இலக்கணத்தைப் புகட்டாமல், ஆங்கிலத்தில் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். வேலையில் மனம் போனால் மொழி பின்னால் வரும் என்பது அவர் கருத்து.

பாட்டு கதவைத் திறக்கும். உள்ளே போய்ப் பழகுவது வேலை செய்யும்போதுதான். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பாட்டில் வரும் ஒரு சொல்லை மாற்றச் சொல்லுங்கள். "ரைஸ்" இருந்த இடத்தில் "சுகர்" என்று மாற்றிப் பிள்ளை பாடினால், மொழி அதன் சொந்தம் ஆகிவிட்டது. மாற்றத் தெரியாவிட்டால், பாட்டு மட்டுமே வந்திருக்கிறது, மொழி வரவில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

"எங்களுக்கே ஆங்கிலம் தெரியாதே!" என்று தாய்மார் கவலைப்பட வேண்டாம். தெரியாததே ஒரு வசதி! சமைக்கும்போது ஒரு தக்காளியைக் காட்டி, "இதற்கு இங்கிலீஷில் என்ன பெயர்? எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். பிள்ளைக்குப் பெருமை பிடிபடாது. சொல்லிக் கொடுக்கிறவனுக்குப் பாடம் மறப்பதில்லை.

மாலையில் வேலை முடிந்து வரும் தந்தை, பள்ளியில் படித்த பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்கலாம். திருத்த வேண்டாம். சிரிக்க வேண்டாம். கேட்டால் போதும்.

அடுத்த பொங்கலுக்கு ஒரு நாள் முன்பே, வாங்கிவந்த சாமான்களைப் பிள்ளையின் முன்னால் பரப்பி வையுங்கள். எத்தனை பொருளுக்கு அது ஆங்கிலப் பெயர் சொல்கிறது என்று எண்ணுங்கள். அதற்கு அடுத்த பொங்கலுக்கு மறுபடியும் எண்ணுங்கள். எவ்வளவு கூடியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.