'சிஸ்டமேட்டிக்' - சொல்லும் பொருளும் நம் கடையும்

"அந்தக் கடையில் எல்லாமே சிஸ்டமேட்டிக்காக இருக்கும்" என்று நாம் ஒரு கடையைப் பாராட்டுகிறோம். வங்கி மேலாளர், தணிக்கையாளர், கம்பெனிப் பிரதிநிதி என யார் வந்தாலும் இந்தச் சொல் அவர்கள் வாயில் வருகிறது. மியூச்சுவல் ஃபண்டு விளம்பரத்தில் இருக்கிறது. சில நேரம் அரசுத் துறையின் கடிதத்திலும் தலை காட்டுகிறது. கேட்ட மாத்திரத்தில் நல்ல சொல் என்று எண்ணிக் கொள்கிறோம். அதன் சரியான பொருளைத் தெரிந்து கொள்வது வணிகர்களாகிய நமக்கு மிகவும் அவசியம். பொருள் தெரியாமல் பேசினால் பரவாயில்லை. பொருள் தெரியாமல் கையெழுத்துப் போட்டால் கைப்பணம் போகும்.

சொல் வந்த வழி

'சிஸ்டம்' என்பதற்கு மூலம் கிரேக்கச் சொல். பல பகுதிகள் சேர்ந்து ஒன்றாக நிற்கும்படி அமைத்தது என்பது அதன் பொருள். ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1735-ல் வெளியிட்ட நூலுக்கு 'சிஸ்டமா நேச்சுரே' என்று பெயர். தாவரம், விலங்கு, கனிமம் எல்லாவற்றையும் வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் கொடுத்தார். புதிதாக ஒரு செடி கிடைத்தாலும் அது எந்த வரிசையில் சேரும் என்பதை அந்த விதியே சொல்லிவிடும். முன்கூட்டி வகுத்த விதி, அதன்படி ஒவ்வொரு முறையும் நடப்பது - இந்த இரண்டும் சேர்ந்ததுதான் 'சிஸ்டமேட்டிக்'.

அக்கம் பக்கத்துச் சொற்கள்

இதன் அருகில் வேறு சில சொற்களும் உண்டு. சரக்கு அழகாக அடுக்கியிருந்தால் அது 'ஆர்டர்லி', அதாவது ஒழுங்கானது. பதறாமல் ஒன்றன்பின் ஒன்றாக வேலையை முடிக்கும் குமாஸ்தா 'மெத்தாடிக்கல்'. இது பெரும்பாலும் ஆளின் குணத்தைச் சொல்வது. 'சிஸ்டமேட்டிக்' என்பது அமைப்பைச் சொல்வது. யார் செய்தாலும் வேலை ஒரே மாதிரி நடந்தால்தான் இந்தச் சொல் பொருந்தும்.

இன்னொன்று 'சிஸ்டமிக்'. ஒலியில் நெருக்கம், பொருளில் தூரம். அமைப்பு முழுவதையும் பாதிப்பது என்பது இதன் பொருள். 2008-ல் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் திவாலானபோது உலகம் முழுவதும் கடன் புழக்கம் முடங்கியது. அத்தகைய ஆபத்தைத்தான் 'சிஸ்டமிக் ரிஸ்க்' என்கிறார்கள். நமது ரிசர்வ் வங்கி 2015-ல் ஸ்டேட் வங்கியையும் ஐசிஐசிஐ வங்கியையும், 2017-ல் எச்டிஎஃப்சி வங்கியையும் 'சிஸ்டமிக்' முக்கியத்துவம் உள்ளவை என்று அறிவித்தது. இவற்றில் ஒன்று தடுமாறினால் நாடு முழுவதும் ஆட்டம் காணும் என்பதே அதன் பொருள். இவை ஒழுங்கான வங்கிகள் என்று கொடுத்த நற்சான்று அல்ல.

எப்போதும் பாராட்டு அல்ல

வகுத்தபடி தவறாமல் நடக்கிறது என்பதை மட்டுமே 'சிஸ்டமேட்டிக்' சொல்கிறது. நடப்பது நல்லதா கெட்டதா என்று அது சொல்வதில்லை.

நம் தராசையே எடுத்துக் கொள்வோம். அவசரத்தில் ஒரு முறை 10 கிராம் கூடும், மறுமுறை 10 கிராம் குறையும். மாதக் கடைசியில் இவை ஓரளவு சரிக்கட்டிப் போகும். ஆனால் தராசே ஒவ்வொரு முறையும் 20 கிராம் குறைத்துக் காட்டினால், நாம் ஒவ்வொரு நிறுவைக்கும் 20 கிராம் கூடுதலாகப் போடுகிறோம். நாளுக்கு 300 நிறுவை என்றால் 6 கிலோ. கிலோ ரூ.150 சரக்கென்றால் நாளுக்கு ரூ.900; 26 நாளில் ரூ.23,400. இதைப் பள்ளி இயற்பியல் பாடத்தில் 'முறையான பிழை' என்கிறார்கள். பிழையில் என்ன முறை என்று கேட்கத் தோன்றும். முறை தவறாமல் வருகிற பிழை என்பதே பொருள். இது தானாகச் சரியாகாது. தேடிப் பிடித்துத்தான் திருத்த வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கச் சொல்வதில் நம் நன்மையும் அடங்கியிருக்கிறது. தராசு கூட்டிக் காட்டினாலோ, நஷ்டம் வாடிக்கையாளருக்கு. கெட்ட பெயரும் வழக்கும் நமக்கு.

'சிஸ்டமேட்டிக் இன்வெஸ்ட்மென்ட் பிளான்' என்பதிலும் இதே கதைதான். குறித்த தேதியில், குறித்த தொகையைத் தவறாமல் போட்டு வருவது என்பதே அந்தப் பெயரின் பொருள். நம் சீட்டுத் தவணை போல, கட்டுவதில்தான் முறை இருக்கிறது. லாபம் முறையாக வரும் என்ற வாக்குறுதி அந்தப் பெயரில் இல்லை. சந்தை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும்.

மூன்றாவது, நமக்கு வரும் கடிதங்கள். ஒரு நோட்டீஸில் விற்பனையைச் 'சிஸ்டமேட்டிக்காக' குறைத்துக் காட்டியதாக எழுதியிருந்தால், ஏதோ ஒரு பில் விட்டுப் போனது என்று அவர்கள் சொல்லவில்லை. திட்டமிட்டுத் திரும்பத் திரும்பச் செய்தீர்கள் என்பதே குற்றச்சாட்டு. இரண்டுக்கும் ஜிஎஸ்டி சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு. மோசடி நோக்கமில்லாத குறைவுக்கு அபராதம் வரியில் 10% அல்லது ரூ.10,000, இதில் எது அதிகமோ அது. மோசடி அல்லது வேண்டுமென்றே மறைத்தது என்று முடிவானால் வரிக்குச் சமமான தொகையே அபராதம். 2024-25 நிதியாண்டு முதல் இவை இரண்டும் 74ஏ என்ற ஒரே பிரிவில் வருகின்றன. ஆகவே, தவறு எங்கோ ஒருமுறை நேர்ந்ததா, தொடர்ந்து நடந்ததா என்பதை ஆதாரத்துடன் விளக்காமல் "ஆம், ஒப்புக் கொள்கிறோம்" என்று கையெழுத்திடக் கூடாது. அந்தச் சொல்லை வட்டமிட்டு, தணிக்கையாளரிடம் காட்டிவிட்டுப் பதில் எழுதுவதே புத்திசாலித்தனம்.

நம் கடைக்கு ஒரு சோதனை

இனி நம் கடைக்கு வருவோம். முதலாளி பத்து நாள் வெளியூர் போனால் கடை எப்படி நடக்கும்? கடன் பாக்கி அவர் நினைவில், கொள்முதல் விலை கடைப்பையன் நினைவில், குடோன் இருப்பு யார் நினைவிலும் இல்லை என்றால், அலமாரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கடை சிஸ்டமேட்டிக் ஆகாது.

நம் முன்னோர் இந்தச் சொல்லை அறியாதவர்கள். ஆனால் அன்றாட நடப்பு நாள்வழியில் ஏறும். அங்கிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். கணக்குப்பிள்ளை மாறினாலும் அடுத்தவர் ஏட்டைப் புரட்டி அதே இடத்திலிருந்து தொடர்வார். அதுதான் சிஸ்டம். இன்று ஏட்டின் இடத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது. அன்றைய பில்லை அன்றே ஏற்றாமல் மாதக் கடைசியில் மொத்தமாக ஏற்றினால், கம்ப்யூட்டர் இருந்தும் பயனில்லை.

செய்ய வேண்டியவை சிலவே. சரக்கு வந்ததும் எண்ணி, பில்லோடு ஒப்பிட்டு, பிறகே குடோனில் ஏற்றுவது. முதலில் வந்த சரக்கை முதலில் விற்பது. கல்லாவை இரவே எண்ணி எழுதுவது. கடன் கொடுத்த அன்றே குறிப்பது. கணக்குகளைச் சட்டம் கேட்கும் காலம் வரை, அதாவது ஆண்டறிக்கை தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள், ஆண்டுவாரியாகக் கட்டி வைப்பது. இவற்றை ஒரு தாளில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி, முதலாளி உட்பட அனைவரும் கடைப்பிடிக்க வேண்டும். முதலாளிக்கு மட்டும் விதிவிலக்கு என்றால் விதியே இல்லை என்றாகிவிடும்.

நாளை நோட்டீஸ் வந்தாலும், மகனோ மகளோ கல்லாவில் உட்கார்ந்தாலும், நமக்காகப் பேசப் போவது அந்த ஏடுகள்தான். அவை ஒழுங்காகப் பேசும்படி இன்றே வைத்துக் கொள்வோம்.