900 கேபி பெரிசா, 1.2 ஜிபி பெரிசா? சர்வரில் இடம் தேடும்போது ஏமாற்றும் வரிசை

கீழ்க்கட்டளையில் மனை தேடும் ஒருவருக்கு மூன்று விளம்பரங்கள் வருவதாக வைத்துக்கொள்வோம்: 900 சதுர அடி, 3 சென்ட், 2 கிரவுண்டு. எண்ணை மட்டும் பார்த்தால் 900தான் பெரிசு. ஆனால் ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. நிஜ வரிசை அப்படியே தலைகீழ்!

மனை வாங்குபவர் இதில் ஏமாற மாட்டார். கம்ப்யூட்டர் ஏமாறும்.

எங்கே சிக்கல்?

ரேடியல் சாலை வழியாக ஓஎம்ஆர் ஐடி அலுவலகங்களுக்குப் போகிறவர்களில் பலர் லினக்ஸ் சர்வரில் வேலை பார்ப்பவர்கள். டிஸ்க் நிரம்பிவிட்டால் முதல் கேள்வி, 'எந்த ஃபோல்டர் இடத்தை அடைக்குது?' என்பதுதான். அதைக் காட்டுவது 'டியூ' கட்டளை. அதோடு '-எச்' சேர்த்தால் 900கே, 85எம், 1.2ஜி என்று படிக்க எளிதாக அளவுகள் வரும்.

இதை 'சார்ட் -என்' மூலம் வரிசைப்படுத்தினால், அது எண்ணை மட்டுமே பார்க்கும். 900கே பெரிசு, 1.2ஜி சிறிசு என்றாகிவிடும். அவசரத்தில் பட்டியலை நம்பி அழித்தால், ஃபைல் போகும், இடம் கிடைக்காது.

தீர்வு என்ன?

2009இல் வந்த குனு கோர்யூட்டில்ஸ் 7.5 பதிப்பில் 'சார்ட்' கட்டளைக்கும் '-எச்' வந்தது. 'டியூ -எச்' தரும் பட்டியலை, பைப் குறி போட்டு 'சார்ட் -எச்ஆர்' கட்டளைக்கு அனுப்பினால் போதும். பெரிசு முதலில் வரும். 'ஆர்' என்பது தலைகீழ் வரிசைக்கு.

இதிலும் கவனம் தேவை

'-எச்' அலகுகளை மாற்றிக் கணக்குப் போடுவதில்லை. முதலில் அலகின் எழுத்தைப் பார்க்கும். எழுத்து ஒன்றாக இருந்தால்தான் எண்ணைப் பார்க்கும். அதனால் 1500எம், 1ஜியைவிடச் சிறிசாகிவிடும். 10 சென்ட் (4,356 சதுர அடி), 1 கிரவுண்டைவிடச் சின்னது என்பது மாதிரி! எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தாலும் அலகு கணக்கில் வராது.

ஒரே 'டியூ' தரும் பட்டியலில் இந்தத் தொல்லை இல்லை. பல இடங்களிலிருந்து சேர்த்த பட்டியல் என்றால்தான் ஆபத்து. அப்போது 'டியூ -கே' மூலம் எல்லாவற்றையும் கிலோபைட்டில் எடுத்து, 'சார்ட் -என்' கொடுப்பதே பாதுகாப்பு. ஒரே அலகு என்றால் எண்ணை நம்பலாம்.