ரப்பருக்கு அரிசி: இலங்கை போட்ட கணக்கு

அரிசி மண்டிக்காரனான எனக்கு, இலங்கையின் வெளியுறவு என்றதும் நினைவுக்கு வருவது 1952-ஆம் ஆண்டு ஒப்பந்தம்தான். அப்போது திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்தது. அரசும் மேற்கு நாடுகளின் பக்கமே சாய்ந்திருந்தது. ஆனால் கொரியப் போர்க்காலத்தில் அரிசி விலை ஏறிற்று, ரப்பர் விலை விழுந்தது. வயிற்றுக்குக் கட்சி ஏது? ஆண்டுக்கு 50,000 டன் ரப்பர் கொடுத்து 2,70,000 டன் அரிசி வாங்க, கம்யூனிஸ்ட் சீனத்துடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டார்கள். அமெரிக்க உதவி மறுக்கப்பட்டும் பின்வாங்கவில்லை. 1955-இல் பாண்டுங் மாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1976-இல் அணிசேரா மாநாடு கொழும்பிலேயே கூடிற்று. இரு பக்கமும் பகையில்லாமல் நடத்திய கெட்டிக்கார வியாபாரந்தான். ஒன்று மட்டும் உறுத்துகிறது: அந்த ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர்களில் பலர், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை மறுக்கப்பட்ட நம் தமிழர்கள். கணக்கில் அவர்கள் பங்கை யாரும் வரவு வைக்கவில்லை.