தாத்தா செஸ்ஸும் நம்ம செஸ்ஸும்

போன மாதம் அம்பத்தூரில் நடந்த செஸ் போட்டியில் முதல் சுற்றிலேயே நான் அவுட். ஏன் தெரியுமா? மேனாம்பேட்டில் எனக்கு செஸ் சொல்லித் தந்தது எங்க தாத்தா. அவர் ஆட்டத்தில் ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாண்டலாம். நானும் தாண்டினேன். "அப்படி விதியே இல்லை. ராஜாவைத் தொட்டுட்ட, அதையேதான் நகர்த்தணும்" என்றார் நடுவர். அடுத்த மூணு நகர்வில் மேட்!

தாத்தா சொன்னது தப்பில்லை. அது பழைய இந்திய முறை. அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். கோட்டை கட்டுவது கிடையாது. எதிராளியின் யானை நின்ற கட்டத்துக்குச் சிப்பாய் போய்ச் சேர்ந்தால் யானையாகத்தான் மாறும், ராணி கேட்க முடியாது.

விதி மாறினால் எனக்காவது ஒரு ஆட்டம் போச்சு. புத்தகம் போடுகிறவர்கள் என்ன செய்வார்கள்? 1814லேயே திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி என்பவர் இதைச் சமாளித்திருக்கிறார். சமஸ்கிருதத்தில் இருந்த செஸ் புதிர்களை ஐரோப்பிய முறைக்கு ஏற்ப மாற்றி, பம்பாயில் ஆங்கிலப் புத்தகமாகக் கொண்டுவந்தார். பழசை முழுசாகத் தூக்கிப் போட வேண்டியதில்லை பாருங்கள். யானையும் குதிரையும் இரண்டு முறையிலும் ஒரே மாதிரிதான் போகும். சிப்பாய் மாறுகிற இடத்தில்தான் உஷாராக இருக்கணும்.

மீர் சுல்தான் கானும் முதலில் இந்திய முறையில் கற்றவர்தான். பிறகு புது விதியைப் படித்து, 1929இல் பிரிட்டிஷ் சாம்பியனே ஆகிவிட்டார்!

இப்போது நான் தாத்தாவுக்குக் கோட்டை கட்டச் சொல்லித் தருகிறேன். "என்னடா இது, ரெண்டு காயை ஒரே நேரத்துல நகர்த்துற? ஏமாத்துறியா?" என்கிறார்.

– 8ஆம் வகுப்பு மாணவன்